கற்பித்தலின் பயன் யாது?



சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரியபாளையம் சாலை பிரியும் இடத்தில் அமைந்துள்ளது நமது புதுவாயல். சுற்றிலும் பொறியியற் கல்லூரிகள் எழும்பியுள்ளன. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. காலை வேளையில் இச்சாலையில் நின்று நோக்கினால், பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் ஆலைத் தொழிலாளரும் ஒரே நேரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்பதைக் காணலாம். கல்வி எதற்கு என்று பெற்றோரை வினவினால், எதிரே தெரியும் அந்த ஆலை வேலைக்குத்தான் என்ற விடையே பெரும்பாலும் கிட்டும். அவ்விடை பொய்யன்று, ஆனால் அது முழுமையுமன்று.

கற்பது எதற்கு என்று வினவுவோர் பலர். கற்பிப்பது எதற்கு என்று வினவுவோர் சிலரே. ஆசிரியன் வகுப்பில் நின்று வாய் திறக்கும்போது, அவன் நாடும் பயன் யாது? ஊதியமா, புகழா, மாணவனின் தேர்ச்சியா, வேறொன்றா? இவ்வினாவை நமது ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயம் மிகக் கூர்மையாக எழுப்பி விடையும் கண்டிருக்கிறது. அதனை இவ்வுத்ஸவ மலரின் வாயிலாக ஒருவாறு சிந்திப்போம்.

மூன்று பிழைகள்

திருவரங்கத்தில் வாழ்ந்து, 1323-ஆம் ஆண்டில் அந்நியர் படையெடுப்பு நேர்ந்தபோது நம்பெருமாளைக் காத்துக்கொண்டு தெற்கே சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளியவர் பிள்ளை லோகாசார்யர். அவர் அருளிய பதினெட்டு ரஹஸ்ய கிரந்தங்களுள் ஸ்ரீவசநபூஷணம் தலையாயது. அந்நூலில் ஆசார்யனுக்கும் சிஷ்யனுக்கும் உள்ள உறவை விரித்துரைக்கும் பகுதி ஒன்று உண்டு. உபதேசம் செய்பவன் மூன்றிடங்களில் மாறாக எண்ணக்கூடும் என்றும், அது கொடிய குற்றம் என்றும் அங்கே எச்சரிக்கப்படுகிறது.

முதலாவது, தன்னைப் பற்றிய பிழை: 'நானே ஆசார்யன்' என்று எண்ணுதல். தன் ஆசார்யனே தன் வாயிலாகப் பேசுகிறான், தான் வெறும் கருவி என்பதே உண்மை. இரண்டாவது, மாணவனைப் பற்றிய பிழை: 'இவன் என் சிஷ்யன்' என்று உரிமை பாராட்டுதல். அவனும் தன் ஆசார்யனுக்கே சிஷ்யன். ஆகவே தன்னோடு உடன் கற்பவன். மூன்றாவது, பயனைப் பற்றிய பிழை: பொருளும் புகழும் போன்ற கண்கூடான பலன்களைக் கற்பித்தலின் பயனாகக் கொள்ளுதல். மாணவனின் உஜ்ஜீவனத்தைக்கூடத் தன் முயற்சியின் விளைவாக எண்ணலாகாது. அது எம்பெருமானின் அருளால் விளைவது என்று அந்நூல் மேலும் ஒருபடி ஏறிச் சொல்கிறது.

இம்மூன்று பிழைகளையும் அளவுகோலாகக் கொண்டு நமது பூர்வாசார்யர்களின் சரிதத்தை நோக்கினால், கற்பித்தலின் தத்துவம் முழுவதும் விளங்கும்.

தன்னைப் பற்றிய பிழை

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டில் அவதரித்ததாகக் கொள்ளப்படும் ஸ்ரீராமாநுஜர், இளமையில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் கூறிய சில உபநிஷத் வாக்கியப் பொருள்கள் மாணவருக்கு ஒவ்வவில்லை. அவர் வேறு பொருள் கூறினார். ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. குரு பரம்பரைச் சரிதங்கள் இப்பகைமையின் விளைவை விரிவாகவே பேசுகின்றன. எனினும் கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் அந்த யாதவப்பிரகாசரே ஸ்ரீராமாநுஜரை அடைந்து, துறவு பூண்டு, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்று, யதிகளின் ஒழுக்கத்தைக் கூறும் யதிதர்ம ஸமுச்சயம் என்ற நூலை இயற்றினார். தன் மாணவனிடமே மாணவனாக அமர்வதற்கு எத்துணைப் பெரிய உள்ளம் வேண்டும்! முன்பு செய்த பிழையை அவர் தம் முதுமையில் தாமே திருத்திக்கொண்டார்.

ஸ்ரீராமாநுஜர் திருவரங்கத்திற்கு எழுந்தருளிய பின்னரும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. அவருக்குத் திருவாய்மொழியின் பொருளை உபதேசித்தவர் திருமாலையாண்டான். இரண்டாம் பத்தில் ஒரு பாசுரத்திற்கு ஆண்டான் கூறிய பொருளைவிட வேறொரு பொருள் பொருந்தும் என்று ஸ்ரீராமாநுஜர் விண்ணப்பித்தார். தம் ஆசார்யராகிய ஆளவந்தாரிடம் கேட்டறியாத பொருளைக் கூறுகிறாரே என்று ஆண்டான் உபதேசத்தை நிறுத்திவிட்டார். செய்தி திருக்கோஷ்டியூர் நம்பிக்கு எட்டியது. அப்பொருளும் ஆளவந்தாரே அருளியதுதான் என்று நம்பி தெளிவுபடுத்தினார். கண்ணபிரானுக்கு ஸாந்தீபினி முனிவர் கற்பித்தது போன்றதே இக்கற்பித்தலும் என்றார். ஆண்டான் மனம் தெளிந்து மீண்டும் தொடர்ந்தார். கேள்வி கேட்ட மாணவனிடம் குறையில்லை, மரபைக் காக்க விழைந்த ஆசிரியனிடமும் வஞ்சமில்லை. இருவருக்கும் நடுவே நின்று உறவை மீட்க மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே மனவேறுபாடு எழும்போது, தண்டனைக்கு முன் இத்தகைய நடுவரைத் தேடுவது எக்காலத்துக்கும் ஏற்ற நெறியாகும்.

இப்பிழை முற்றிலும் நீங்கிய ஆசிரியன் எவ்வாறிருப்பான் என்பதற்கு நஞ்சீயரே சான்று. திருவாய்மொழிக்குத் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படி வியாக்கியானத்தை நல்ல முறையில் பிரதி செய்துதரும்படி நம்பூர் வரதராஜர் என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார். ஒரே பிரதி அது. காவிரியைக் கடக்கையில் வெள்ளம் ஓலைகளை அடித்துச் சென்றது. வரதராஜர் கேட்டவற்றையெல்லாம் நினைவிலிருந்தே மீண்டும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயமான பொருள்களையும் சேர்த்தார். அதனைக் கண்ட நஞ்சீயர், தம் நூலைவிட இது சிறந்துள்ளதே என்று வெகுளவில்லை. உண்மையறிந்து உளம் பூரித்து, 'நம் பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். அதுவே அவருடைய திருநாமமாகி, ஈட்டுப் பேருரைக்கு மூலமான நம்பிள்ளையை நமக்களித்தது. தன்னை விஞ்சும் மாணவனைக் கண்டு மகிழ்பவனே ஆசிரியன்.

மாணவனைப் பற்றிய பிழை

இரண்டாவது பிழை மாணவனை அளக்கும் இடத்தில் நேர்வது. இங்கே திருக்கோஷ்டியூர் நிகழ்ச்சியை நினையாதார் இலர். திருவரங்கத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூருக்கு ஸ்ரீராமாநுஜர் 18 முறை நடந்தார். பதினேழு முறை நம்பி மறைபொருளை உரைக்காமல் திருப்பியனுப்பினார். பதினெட்டாம் முறை, தகுதியறியாது எவருக்கும் உரைப்பதில்லை என்ற ஆணையின் பேரில் உபதேசித்தார். ஸ்ரீராமாநுஜரோ பலருக்கும் அதனை வெளியிட்டார். கோபுரத்தின் மீதேறி நின்று ஊரார் அனைவருக்கும் உரைத்தார் என்பது உபந்யாஸங்களில் நாம் கேட்டுவரும் வழக்கு. திருக்கோயிலுள்ளே வைஷ்ணவர்களுக்கு உரைத்தார் என்பது பழைய சரித நூலின் போக்கு. எவ்வாறாயினும், ஆணையை மீறினால் தமக்கு நரகம் என்பதை அறிந்தும், பலர் உய்வார்கள் என்பதற்காக அவர் துணிந்தார் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. சினந்து வந்த நம்பி அவருடைய பரிவைக் கண்டு உருகி, 'எம்பெருமானார்' என்று அழைத்து ஆட்கொண்டார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் பலர், நம்பி கடினமானவர், ஸ்ரீராமாநுஜர் கருணை மிக்கவர் என்று இரு கூறாகப் பிரித்து அமைதி அடைவர். அது முழு உண்மையன்று. பின்னர் கூரத்தாழ்வான் அதே மறைபொருளை வேண்டியபோது, ஸ்ரீராமாநுஜரும் உடனே உரைத்துவிடவில்லை. ஓராண்டு பணிவிடை செய்யவேண்டும் என்பது நம்பியின் ஆணை என்றார். உடல் ஓராண்டு நிலைப்பது உறுதியில்லையே என்று ஆழ்வான் விண்ணப்பிக்க, ஒரு மாத உபவாஸம் அதற்கீடாகக் கொள்ளப்பட்டது. முதலியாண்டான் வேண்டியபோதோ, அவரைத் திருக்கோஷ்டியூர் நம்பியிடமே அனுப்பினார்.

முதலியாண்டான் ஸ்ரீராமாநுஜரின் மருமகன் முறையினர். பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டையில் அவதரித்தவர். ஆதலின் நம் திருவள்ளூர் மாவட்டத்தவரே. பெரும் பண்டிதர். நம்பியிடம் ஆறு திங்கள் காத்திருந்தார். கல்விச் செருக்கும் செல்வச் செருக்கும் குலச் செருக்கும் நீங்கினால் உன் ஆசார்யனே உரைப்பார் என்று நம்பி திருப்பியனுப்பினார். அந்நாளில் பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய், தன் புக்ககத்தில் மாமியார், பிறந்தகத்திலிருந்து வேலைக்கு ஆளைக் கொண்டுவா என்று கடிந்ததாக முறையிட்டு ஸ்ரீராமாநுஜரிடம் வந்தாள். அவர் முதலியாண்டானையே ஏவினார். பண்டிதர் அப்பெண்ணின் பின்னே சென்று, அவள் புக்ககத்தில் நீர் சுமந்தார்; அடுப்பெரித்துத் தளிகை செய்தார். ஒருநாள் அங்கே ஒருவர் உரை நிகழ்த்துகையில் தவறான பொருள் கூற, சமையற்காரர் திருத்தினார். முதலில் எள்ளி நகைத்தவர்கள் பின்னர் அவர் யாரென்று அறிந்து நடுங்கினர். அதன் பிறகே ஸ்ரீராமாநுஜர் அவருக்குச் சரம சுலோகப் பொருளை அருளினார்.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்து நோக்குங்கள். கதவைத் திறந்தவரும் அவரே. காத்திருக்கச் செய்தவரும் அவரே. ஏதுமறியாத ஏழை எளியவருக்கு அவர் சோதனை வைத்ததாகக் காணோம். கற்றறிந்து செருக்குற்றவருக்கே சோதனை வைத்தார். அதுவும் விலக்குவதற்காக அன்று, பக்குவப்படுத்துவதற்காக. பதினேழு முறையும் நம்பி வராதே என்று கூறவில்லை. மீண்டும் வா என்றே கூறினார். தேர்வு என்பது மாணவனைக் கழிப்பதற்கு அமைந்த சல்லடையாக இன்று மாறிவிட்டது. நம் பெரியோர்க்கோ அது காயைக் கனியவைக்கும் வெயிலாக இருந்தது. இவ்வேறுபாட்டை உணராத ஆசிரியன் எத்துணை நூல் கற்றிருப்பினும் கற்பிக்கத் தெரியாதவனே.

தகுதி என்ற பெயரால் கதவை அடைத்தால் நேர்வது என்ன என்பதை நம் மாவட்டத்துத் திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரின் சரிதம் காட்டும். பிரம்பறுக்கும் தொழிலாளர் இல்லத்தில் வளர்ந்தவர் திருமழிசைப்பிரான். பெரும்புலியூரில் ஒரு திண்ணையருகே அவர் சென்றபோது, வேதம் ஓதிக்கொண்டிருந்தோர் அவர் குலத்தைக் கருதி ஓதுவதை நிறுத்தினர். அவர் அகன்ற பின் மீண்டும் ஓதத் தொடங்கினால், விட்ட இடம் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒன்றும் பேசாமல், ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். அச்செயலுக்கிசைந்த வேத வாக்கியம் அவர்களுக்கு உடனே நினைவில் எழுந்தது, ஓதல் தொடர்ந்தது. மறைத்தவர்கள் மறந்தார்கள், மறுக்கப்பட்டவரே நினைவூட்டினார். கல்வியைக் காப்பதாக எண்ணிப் பூட்டி வைப்பவன் இறுதியில் தானே அதனை இழக்கிறான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பயனைப் பற்றிய பிழை

மூன்றாவது பிழைதான் இன்று நம்மை மிகுதியும் சூழ்ந்துள்ளது. முண்டகோபநிஷத்தில், எதனை அறிந்தால் அனைத்தும் அறியப்படும் என்று சௌநகர் வினவுகிறார். அங்கிரஸ் முனிவர் கல்வியைப் பரவித்யை, அபரவித்யை என்று இரண்டாக வகுக்கிறார். வேதங்களையும் இலக்கணம், வானநூல் முதலியவற்றையும் அபரவித்யை என்கிறார். அழிவற்ற பரம்பொருளை அடைவிப்பதைப் பரவித்யை என்கிறார். இரண்டும் அறியத்தக்கவை என்றே அவர் தொடங்குகிறார் என்பதை மறக்கலாகாது. தொழிற்கல்வி தாழ்ந்தது, ஆன்மிகக் கல்வியே போதும் என்பது உபநிஷத்தின் கருத்தன்று. முன்னது உடலைக் காக்கும். பின்னது உயிரைக் காக்கும். முன்னதையே முடிவாகக் கொள்வதுதான் பிழை.

நம் முன்னோர் வயிற்றை மறந்து கல்வியைப் பேசியவர்கள் அல்லர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் அழகிய நரசிங்கப் பெருமாள் திருக்கோயில் உள்ளது. அங்கே முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று பெரிய கல்விச்சாலையைக் குறிக்கிறது. இளநிலை மாணவர் 270 பேர், மேனிலை மாணவர் 70 பேர், ஆக 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மூத்தவருக்கு 1 குறுணி 2 நாழி நெல்லும் வகுக்கப்பட்டன. ஸ்ரீராமாநுஜரின் இளமைக் காலத்தை ஒட்டிய ஏற்பாடு இது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில் வீரராஜேந்திர சோழனின் (ஆட்சி 1063–1070) கல்வெட்டு உள்ளது. அங்கே கல்விச்சாலையும், மாணவர் உறைவிடமும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் ஒருங்கே இயங்கின. மாணவர்களின் சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கு எண்ணெயும், இரவில் விளக்குக்கு எண்ணெயும்கூடக் கணக்கிட்டு ஒதுக்கப்பட்டன. கற்பவனின் தலைக்கு எண்ணெய் வைப்பதும் கல்விச் செலவே என்று அந்நாளில் எண்ணினர்.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். அச்சாலைகளில் பெரும்பாலும் வேதமும் வேதாங்கமுமே பயிலப்பட்டன. ஊரிலுள்ள உழவர் மகனுக்கும் தொழிலாளி மகளுக்கும் அங்கே இடமிருந்ததாகக் கூற இயலாது. இக்குறையை நம் ஆசார்யர்கள் ஓரளவு வேறு வழியில் நிறைத்தனர். வடமொழி அறியாதவரும் உய்யவேண்டும் என்று பிள்ளை லோகாசார்யர் மறைபொருள்களை மணிப்பிரவாள நடையில் எழுதிவைத்தார். குடியரசான பாரதத்தில் அக்குறை சட்டத்தாலும் நீங்கும் நிலை வந்தது. பெருந்தலைவர் காமராஜர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கப்பெற்றது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எண்ணாயிரத்தில் 340 பேருக்கு அளந்த நெல், இன்று ஊர்தோறும் எல்லாக் குழந்தைகளுக்கும் அன்னமாகக் கிடைக்கிறது. பெருமாள் கோயில் மடைப்பள்ளியின் மணத்தை அறிந்தவர்கள் இதனைக் கண்டு மகிழவேண்டும்.

அன்னம் கிடைத்துவிட்டது, கட்டடமும் கிடைத்துவிட்டது. பயன் எது என்ற வினா மட்டும் நிற்கிறது. ஆலையில் வேலை கிடைத்தவன் கற்றவன், கிடைக்காதவன் கல்லாதவன் என்று நாம் அளந்தால், ஒரு ஆலை மூடப்படும் நாளில் கற்றவனையே கல்லாதவன் ஆக்கிவிடுகிறோம். வேலை என்பது கல்வியால் விளையும் பலன்களுள் ஒன்று. பிறனுக்கு இரங்குவதும், உண்மைக்கு அஞ்சுவதும், தான் பெற்றதை மற்றொருவனுக்கு வழங்குவதும் கல்வியின் பயன். இயந்திரத்தைக் கையாளக் கற்றுத்தரும் ஆசிரியனும், அருகில் நிற்பவனின் கை அதில் சிக்காதபடி பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொடுக்கும் கணத்தில், அபரவித்யையிலிருந்து பரவித்யையின் வாயிலை எட்டுகிறான்.

நம் கடமை

திருவிழாவில் பெருமாள் வீதியுலா எழுந்தருள்வது ஏன்? கோயிலுக்குள் வர இயலாதவரையும் தாமே தேடிச் சென்று கடாட்சிப்பதற்காக என்று பெரியோர் கூறுவர். ஸ்ரீராமாநுஜர் கோபுரம் ஏறியதும் இக்கருத்தினாலேயே. கல்வியும் அவ்வாறே வீதிக்கு வரவேண்டும்.

நம் மாவட்டத்தில் செங்கற் சூளைகள் பல உண்டு. ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து அங்கே உழைப்போர் பலர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் அவர்களுடைய குழந்தைகளுக்கு இங்கும் பள்ளி தொடர்வதில்லை, அங்கும் தொடர்வதில்லை. அக்குழந்தை பேசும் மொழி வேறு. நம் பள்ளி பேசும் மொழி வேறு. 'இவன் என் மாணவன் அல்லன்' என்று நாம் ஒதுங்கினால், அதுவே பிள்ளை லோகாசார்யர் எச்சரித்த இரண்டாவது பிழை. ஜகந்நாதனின் நாட்டிலிருந்து வந்த குழந்தை நமக்கு அந்நியனாவது எப்படி?

ஆகவே இவ்வுத்ஸவத்தின் நினைவாக ஒவ்வொருவரும் சிறிதேனும் மேற்கொள்ளலாம். கல்லூரியில் பயிலும் இளைஞர் வாரத்தில் இரு மாலை, ஒரு மணி நேரம், கோயில் மண்டபத்திலோ பள்ளித் திண்ணையிலோ அமர்ந்து சிறுவர்க்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரலாம். ஆலையில் பணிபுரிவோர் தம் தொழில் நுணுக்கத்தைப் புதிதாக வந்த இளைஞனிடம் ஒளிக்காமல் உரைக்கலாம். பெற்றோர், மதிப்பெண் குறைந்த நாளில் பிள்ளையை ஏசாமல், நம்பி கூறியதுபோல 'மீண்டும் வா' என்று கூறலாம். திருவிளக்குக்கு எண்ணெய் வழங்குவோர், அதில் ஒரு பங்கைப் படிக்கும் பிள்ளையின் விளக்குக்காகவும் ஒதுக்கலாம். திருமுக்கூடற் கல்வெட்டு அதற்கு வழிகாட்டி நிற்கிறது.

இவற்றைச் செய்பவர், 'நான் கற்பித்தேன்' என்று எண்ணாதிருப்பாராக. நமக்குக் கற்பித்தவர்கள் நம் வாயிலாகப் பேசுகிறார்கள், நம்மிடம் கற்பவர்கள் நம்மோடு உடன் கற்கிறார்கள், பயனோ எம்பெருமானுடையது. இவ்வெண்ணத்தோடு ஒரு குழந்தைக்கு ஓரெழுத்து உரைத்தாலும், அது பகவத் கைங்கர்யமேயாகும்.

புதுவாயலிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் கற்போர், கற்பிப்போர் அனைவர்க்கும் எம்பெருமானின் திருவருளும் ஆசார்யர்களின் கிருபையும் பெருகுவனவாக.

சுபம்.